இரண்டாவது ஆளுக்கு இடம் உண்டா?

துபாயிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் வாப்பாவிடம் பிள்ளைகள் கேட்கும் பொருள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று, வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் சபுராளிகள் நிறைந்த ஊர்களில் ஒரு தலைமுறை டேப்ரெக்கார்டர் கேட்டது. அடுத்த தலைமுறை வீடியோ கேம் கேட்டது. இப்போது சில வீடுகளில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற ஆட்டக் கருவியின் பெயர் காதில் விழுகிறது. பெயர் விழுந்த கையோடு கணக்கும் தொடங்கிவிடுகிறது: பெரியதை வாங்குவதா, அதைவிட மலிவான ‘லைட்’ போதுமா?

விவரம் இதுதான். 2017 மார்ச் 3 அன்று வந்த ஸ்விட்சைத் தாங்கியில் செருகினால் டிவியில் ஓடும். உருவி எடுத்தால் கையில் ஓடும். அப்போது அமெரிக்காவில் அதன் விலை 300 டாலர். 2019 செப்டம்பர் 20 அன்று அதன் தம்பியாக வந்த ஸ்விட்ச் லைட்டின் விலை 200 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 14,000 ரூபாய். குறைந்த நூறு டாலருக்கு ஈடாக டிவி இணைப்பு போனது. திரை 6.2 அங்குலத்திலிருந்து 5.5 அங்குலமாகச் சுருங்கியது. எடை 400 கிராமை ஒட்டி இருந்தது 275 கிராமுக்கு இறங்கியது. பெரிய ஸ்விட்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய ஜாய்-கான் என்ற கைப்பிடிகள் உண்டு. லைட்டில் அவை உடம்போடு ஒட்டியே இருக்கும், கழற்ற முடியாது. பின்னால் சாய்த்து நிறுத்தும் காலும் கிடையாது.

டிவியில் ஓடாதே என்பதுதான் லைட்டைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்கிற குறை. ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு அது பெரிய குறை இல்லை என்பது என் எண்ணம். உண்மையான இழப்பு அந்தக் கழற்ற முடியாத கைப்பிடியில் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது, இந்தக் கரையில் கையில் வைத்து ஆடிய ஆட்டங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் விளங்கும்.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்குக்கும் சிப்பி மாலைக்கும் நடுவே இன்றும் சோழி விற்கிறது. யாத்திரை வருகிறவர்களுக்கு அது நினைவுப் பொருள். கரையில் இருப்பவர்களுக்கு அது தாயக்கட்டை, பல்லாங்குழிக் காய். பல்லாங்குழிப் பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, ஆகப் பதினான்கு குழி. மீன் வடிவில் செதுக்கி நடுவில் மடக்கும் பலகைகளும் உண்டு. மடக்கினால் காய்கள் உள்ளேயே தங்கிவிடும். பலகை வாங்க வசதி இல்லாத வீட்டில் மணலில் குழி பறித்தார்கள். சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை. காற்று மாறி, படகு இறங்காத நாட்களில் வீட்டுத் திண்ணையில் பெண்களும் பிள்ளைகளும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். மின்சாரமும் வேண்டாம், செலவும் இல்லை. எதிரே ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

தனியாக ஆடும் பல்லாங்குழியும் உண்டு. அதற்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை தனியே ஆடிய ஆட்டம் என்று சொல்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சிறை, இந்தப் பக்கம் சேது என்று கதை சொல்லும் ஊரில் அந்தப் பெயருக்கு எவ்வளவு பாரம் இருந்திருக்கும்! ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தை, துணையில்லாதவளின் ஆட்டமாகத்தான் நம் பெண்கள் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்.

மின்சாரத்தில் ஓடும் கையடக்க ஆட்டங்களும் தொடக்கத்தில் இரண்டாவது ஆளை மறக்கவில்லை. நின்டெண்டோ நிறுவனத்தில் வேலை பார்த்த குன்பெய் யோகோய் 1980 இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற சின்ன ஆட்டப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1989 ஏப்ரலில் ஜப்பானில் அவருடைய குழுவின் கேம் பாய் வந்தது. நான்கு பென்சில் பேட்டரி, பல நிறம் காட்டாத பச்சைத் திரை. புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், விலை இறங்கி எல்லோருக்கும் பழகிப்போன பாகங்களை வைத்துப் புது ஆட்டம் செய்வது யோகோயின் கொள்கை. வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிட்டது. கேம் பாய் நிலைத்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருந்தது. அதன் வழியே இரண்டு கேம் பாய்களை ஒயரால் இணைத்து ‘டெட்ரிஸ்’ போட்டியாக ஆடலாம்.

கேம் பாய் இந்தக் கரைக்குப் பெட்டியில் வந்தது கொஞ்சம்தான். வெள்ளமாக வந்தது பிரிக் கேம். டெட்ரிஸைப் பார்த்துச் செய்த மலிவான சீனக் கருவி. அட்டையில் 9999 ஆட்டம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை ஒரு சில ஆட்டங்களும் அவற்றின் வேக மாற்றங்களும்தான். ஆனாலும் திருவிழாக் கடைகளிலும் சந்தனக்கூட்டுக் கடைகளிலும் அதற்கு முன்னால் பிள்ளைகள் நகராமல் நின்றார்கள். தெருவில் ஒருவனிடம் இருந்தால் போதும். அவன் ஆடுவான், நான்கு தலைகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும், கட்டை மேலே முட்டி அவுட் ஆனதும் கை மாறும். ஒருவருக்கான கருவியைத் தெரு தன் பழக்கத்தால் பொதுவாக்கிக்கொண்டது.

பிறகு டிவியில் மாட்டும் பெட்டிகள். நின்டெண்டோவின் பழைய பெட்டியை இந்தியாவில் உரிமத்தோடு சாமுராய் என்ற பெயரில் விற்றார்கள். அதன் நகல்களாக லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பல வந்தன. எல்லாவற்றிலும் இரண்டு ஜாய்ஸ்டிக். ஒன்று முதலாளிக்கு, இன்னொன்று சிநேகிதனுக்கு. கேசட் வாங்க வசதியில்லாதவன் மாற்றிக்கொள்வான்: உன்னுடைய ‘கான்ட்ரா’ எனக்கு இரண்டு நாள், என்னுடைய ‘மாரியோ’ உனக்கு இரண்டு நாள்.

டிவியின் கதை இந்தக் கரையில் தனி. தூரதர்ஷன் சரியாக எட்டாத காலத்தில் இலங்கையின் ரூபவாஹினியை ஆண்டெனா திருப்பிப் பார்த்த ஊர்கள் இவை. பின்னால் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூரதர்ஷன் கோபுரம் எழுந்தது. நாட்டிலேயே மிக உயரமான டிவி கோபுரம் நம் தீவில் நிற்கிறது. 2006 இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் குடிசைக்குள்ளும் டிவியைக் கொண்டுவந்தது. ஆனால் வீட்டுக்கு ஒன்றுதானே. மாலை ஆறரைக்கு மேல் அது அம்மாவுக்கும் பாட்டிக்கும் சீரியல் பார்க்கும் இடம். கடலுக்குப் போய் வந்தவர் செய்தி பார்க்கும் இடம். விளையாட்டுக்கு அது கிடைத்தது பகலில், அதுவும் விடுமுறையில்.

அந்தப் பகலையும் மின்வெட்டு எடுத்துக்கொண்ட ஆண்டுகள் உண்டு. 2012 இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. மணிக்குக் காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 2 ஆடவிட்ட கடைக்காரர்களின் வருமானம், ஆடுகிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் கூடியதால் கரைந்தது. இதே மாவட்டத்தில் கமுதியில் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அதற்குள் அந்தக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகளின் கையில் வேறு ஒன்று வந்துவிட்டது.

செல்போனைச் சொல்கிறேன். 2003 இல் வந்த நோக்கியா 1100 இந்தக் கரையில் டார்ச்சுக்காகவே விற்றது என்றால் மிகையில்லை. விடியுமுன் கரைக்குப் போகிறவருக்கு அது விளக்கு. பிள்ளைக்கு அது பாம்பு கேம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். வலை பழுது பார்க்கும் அப்பாவின் பக்கத்தில் அவர் போனோடு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பள்ளி விடுமுறையும் அதே நேரம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் பாம்பு போய், பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் வந்தன.

இந்தப் போன் ஆட்டங்களை ஒரேயடியாகத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கச்சிமடத்துப் பையனும், சவுதியில் வேலைக்குப் போன அவன் மச்சானும் ஒரே அணியாக இரவில் பேசிக்கொண்டே ஆடினார்கள். பிரிந்த இரண்டு பேரை ஒரு மணி நேரம் அது சேர்த்து வைத்தது. ஆனால் அந்த ஆட்டங்களை நம்பி இருக்க முடியாது. 2020 செப்டம்பர் 2 அன்று அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. அதில் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் டைமண்ட் வாங்கக் கட்டிய பணம் பிள்ளைகளின் கையில் ஒரு பொருளாகவும் மிஞ்சவில்லை. இன்னொரு பக்கம், பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவை குடும்பங்களைக் குலைத்ததால் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் சட்டமும் வந்தன. அது வேறு விஷயம்தான். ஆனால் போனைத் தொட்ட பிள்ளையைப் பார்த்தாலே பெற்றோருக்கு அந்தப் பயமும் சேர்ந்து வருகிறது. போனில் வங்கிக் கணக்கும் இருக்கிறதே.

ஸ்விட்ச் பக்கம் சில பெற்றோர் திரும்பக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை காசு கொடுத்தால் ஆட்டம் நமது. நடுவில் விளம்பரம் வராது. எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை வாப்பா துபாயிலிருந்தே தன் போனில் கட்டுப்படுத்தலாம். ஆட்டம் பதிந்த கார்டு கையில் இருக்கும்வரை எந்தத் தடையும் அதை அழிக்காது. அந்தக் கார்டு தபால்தலை அளவுதான். சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிடக் கூடாதென்று கடுங்கசப்பு மருந்து பூசித்தான் விற்கிறார்கள்.

இந்தக் கரைக்கென்றே செய்ததோ என்று தோன்றும் ஓர் ஆட்டம் இருக்கிறது. ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ 2020 மார்ச் 20 அன்று வெளிவந்தது. ஐந்தாம் நாள் இந்தியா முழுக்க ஊரடங்கு. ஒரு தீவுக்குக் குடிபோவதுதான் ஆட்டம். அங்கே தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும், கரையில் சிப்பி பொறுக்க வேண்டும், விற்றுக் கடனை அடைக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் கடலுக்குள் மூழ்கும் வசதியையும் சேர்த்தார்கள். மூழ்கினால் முத்துச்சிப்பி கிடைக்கும், பாசி கிடைக்கும், கடல் அட்டையும் கிடைக்கும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்பதை அறிந்தவர்களுக்கு, உலகமெங்கும் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் அதையே பொழுதுபோக்காக ஆடினார்கள் என்பது வியப்பாக இருக்கும். ஆட்டத்தில் கடல் அட்டையை எடுத்து விற்கலாம். நம் மன்னார் வளைகுடாவில் அது 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிர், எடுத்தால் வழக்கு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அந்த ஆட்டத்தைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா வீட்டு வாசலில் இருப்பதைச் சொல்லவும் அதுவே இடம்.

ஆனால் அதில் ஒரு விதி உண்டு. ஒரு கருவிக்கு ஒரே தீவு. அக்காவும் தம்பியும் ஒரே ஸ்விட்சில் ஆடினால் ஒரே தீவில்தான் குடியிருக்க வேண்டும். பெரிய ஸ்விட்சாக இருந்தால் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவரும் ஒரே நேரத்தில் கரையில் நடக்கலாம். தனிக் கைப்பிடி வாங்காவிட்டால் லைட்டில் ஒருவர் முடித்துத்தான் மற்றவர்.

என் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. டிவியே இல்லாமலும் பெரிய ஸ்விட்சை இரண்டு பேர் ஆடலாம். பின்னால் உள்ள காலைச் சாய்த்து, திண்ணையிலோ கட்டிலிலோ நிறுத்தி, கைப்பிடிகளை உருவி ஆளுக்கொன்று கொடுத்தால் ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ பந்தயம் தொடங்கிவிடும். கார்டு ஒன்று போதும். வந்த காலத்து விலையில் கருவி 300 டாலர், கார்டு 60 டாலர், ஆக 360. லைட் வாங்கிய வீட்டில் இதே இரண்டு பேர் ஆட வேண்டுமானால் ஒரு சோடி ஜாய்-கான் தனியாக வாங்க வேண்டும். அது 80 டாலர். அவற்றைச் சார்ஜ் செய்யத் தனிச் சாதனம், கருவியை நிறுத்த ஒரு தாங்கி. மிச்சம் பிடித்த நூறில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும், கிடைப்பது 5.5 அங்குலத் திரையில் இருவர் முட்டிக்கொண்டு பார்ப்பது. ஆளுக்கொரு லைட் என்றால் 400 டாலர். அந்தப் பந்தயத்துக்கு ஆளுக்கொரு கார்டும் வேண்டும், 120. ஆக 520. இரண்டு பிள்ளை உள்ள வீட்டுக்கு மலிவுப் பதிப்பு மலிவே இல்லை. போதாததற்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் லைட்டின் விலையே 230 டாலராக ஏறிவிட்டது. அடுத்த தலைமுறைக் கருவியான ஸ்விட்ச் 2 வந்த இரண்டாவது மாதத்தில் பழைய மலிவுக் கருவிக்கு விலை ஏறியது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அப்புறம் உப்பு. பாம்பனின் 1914 ஆம் ஆண்டு ரயில் பாலம் துருவோடு போராடி, 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்துக்கு இடம் விட்டது. அந்த உப்புக் காற்றில்தான் நம் பிள்ளைகள் கருவியைத் திறந்து வைத்து ஆடுகிறார்கள். ஸ்விட்ச் கைப்பிடியின் நகரும் குமிழ், தொடாமலே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது உலகம் அறிந்த கோளாறு. பெரிய ஸ்விட்சில் அந்தக் கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். லைட்டில் முழுக் கருவியையும் பிரிக்க வேண்டும். இந்தியாவில் நின்டெண்டோ ஸ்விட்சை நேரடியாக விற்பதில்லை. துபாய்ப் பெட்டியில் வந்தாலும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், கெட்டால் பழுதுபார்க்கக் கைதேர்ந்த செல்போன் கடைக்காரர்தான் நமக்குக் கதி.

இந்த இடத்தில் பஜாரில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ‘சுப் 400 இன் 1’ என்ற சின்னக் கருவியை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. உள்ளே இருப்பவை பழைய கேசட் ஆட்டங்களின் உரிமமில்லாத நகல்கள். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவருக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன. நோக்கியா 1100 க்குப் போட்ட அதே பிஎல்-5சி வகை பேட்டரி. எந்தச் செல்போன் கடையிலும் மாற்றலாம். டிவியில் மாட்ட ஒயர் உண்டு. இரண்டாவது ஆளுக்கென்று தனியாக ஒரு ஜாய்ஸ்டிக் வைத்த பெட்டியும் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய்ப் பொருளில் வைத்த இடத்தை 14,000 ரூபாய்ப் பொருளில் எடுத்துவிட்டார்கள்.

லைட் யாருக்கும் ஆகாது என்று சொல்லமாட்டேன். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒற்றைப் பிள்ளைக்கு அது நல்ல துணை. சின்னக் கைக்கு 275 கிராம் இதமான எடை. ஆட்டத்தைப் பொறுத்து மூன்று முதல் ஏழு மணி நேரம் பேட்டரி நிற்கும். ராமேஸ்வரத்தில் மாலை போட் மெயில் ரயிலில் ஏறினால் கண் அயரும்வரை தாங்கும். உடம்பில் கழன்று விழும் பாகம் இல்லாததால் பையில் திணித்துக்கொண்டும் போகலாம். பழைய ஆட்டங்களுக்கு வேண்டிய சிலுவை வடிவப் பட்டனும் பெரிய ஸ்விட்சைவிட இதில் நன்றாக இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே பெரிய ஸ்விட்ச் ஒன்று இருந்து, இரண்டாவதாக வாங்குவதானால் யோசிக்கவே வேண்டாம். கேபிள் இல்லாமலே இரண்டும் பேசிக்கொள்ளும்.

இதுவே முதல் கருவி, வீட்டில் பிள்ளை இரண்டு என்றால், புது லைட்டுக்குப் பதிலாக யாரோ ஒருவர் ஆடி வைத்த பெரிய ஸ்விட்சைக் கையில் வாங்கிப் பார்த்து எடுங்கள். குமிழ்கள் இரண்டையும் தொடாமல் வைத்துத் திரையில் ஏதாவது நகர்கிறதா என்று கவனியுங்கள். கைப்பிடிகள் கழன்று, மாட்டியதும் சரியாகப் பிடிக்கின்றனவா, கார்டு துளையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டத்தை இணையத்தில் இறக்காமல் கார்டாக வாங்கச் சொல்லி வாப்பாவுக்கு எழுதுங்கள். இறக்கிய ஆட்டம் ஒருவர் கணக்கோடு கட்டுண்டு கிடக்கும். நின்டெண்டோவின் இணையக் கடையில் இந்தியாவுக்கென்று தனிப் பிரிவும் இல்லை. கார்டாக இருந்தால் அண்ணன் ஆடி முடித்ததும் மச்சான் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொரு கார்டு வரும். நான்கு வீட்டுக்கு நான்கு கார்டு வாங்கினால், பெருநாள் விடுமுறை முழுக்க ஒரு தெருவே ஆடலாம்.